வெளியூரில் பேரிடரில் சிக்கினால்: பயணிகளுக்குப் படிப்படியாக ஒரு வழிகாட்டி

பேரிடருக்குப் பிறகு உள்ளூர்க்காரர் ஒருவரைக் காணவில்லை என்றால் பக்கத்து வீட்டில் கேட்பார்கள், வேலை பார்க்கும் இடத்தில் கேட்பார்கள், சொந்தக்காரர்கள் முகாம் முகாமாகத் தேடுவார்கள். பயணிக்கு இது எதுவும் கிடையாது. அவர் அந்த ஊரில் இருப்பதே ஹோட்டல் வரவேற்பாளர் ஒருவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். அந்த வரவேற்பாளரும் தன் வீடு என்ன ஆனதோ என்று ஓடிக்கொண்டிருப்பார்.

நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒரு வெளிநாட்டு நகரத்திலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்ப நிறைய அலைந்தேன். உயிர் தப்பும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் எந்தக் கவுன்டருக்குப் போனாலும் கேட்டது இரண்டே கேள்விதான்: எங்கள் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா? எழுத்தில் என்ன வைத்திருக்கிறீர்கள்? கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தயாராக வைத்திருப்பதற்காக.

1. கிளம்புவதற்கு முன்பு

முதல் வேலை, தூதரகப் பதிவு. பல நாடுகள் தங்கள் குடிமக்கள் வெளிநாட்டுப் பயணத்தை முன்கூட்டியே பதிந்துகொள்ள இணையதளம் வைத்திருக்கின்றன. அமெரிக்கர்களுக்கு ‘ஸ்டெப்’, சிங்கப்பூரர்களுக்கு ‘இ-ரெஜிஸ்டர்’, ஜெர்மானியர்களுக்கு ‘எலஃபாண்ட்’. கட்டணம் இல்லை, பத்து நிமிட வேலை. உங்கள் நாட்டில் இப்படி ஒன்று இல்லையென்றால், போகும் ஊருக்குப் பொறுப்பான தூதரகத்தின் முகவரி, அவசர எண், மின்னஞ்சல் மூன்றையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போகிற நாட்டில் உங்கள் நாட்டுத் தூதரகமே இல்லாமல் இருக்கலாம். அப்போது பக்கத்து நாட்டில் உள்ள தூதரகம்தான் இதையும் கவனிக்கும். எது என்று வெளியுறவு அமைச்சகத் தளத்தில் போட்டிருப்பார்கள். நடந்த பிறகு தேடுவது பெரும்பாடு.

இரண்டாவது, இன்சூரன்ஸ். பேரிடரைப் பொறுத்தவரை நேரம்தான் எல்லாம். புயலுக்குப் பெயர் வைத்த பிறகோ, எரிமலை புகையத் தொடங்கிய பிறகோ வாங்கும் பாலிசியில் அந்தச் சம்பவத்துக்குப் பணம் வராது. ‘ஏற்கெனவே தெரிந்த நிகழ்வு’ என்று தள்ளிவிடுவார்கள். டிக்கெட் போட்ட அன்றே வாங்குவதுதான் சரி. வாங்கும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள்: இயற்கைச் சீற்றம் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா, உங்கள் அரசு ‘போக வேண்டாம்’ என்று அறிவித்த இடத்துக்குப் போனால் பாலிசி செல்லுமா, மருத்துவ வெளியேற்றத்துக்கு (காயம்பட்டவரை வேறு ஊர் மருத்துவமனைக்கோ சொந்த நாட்டுக்கோ கொண்டுபோவதற்கு) எவ்வளவு வரை தருவார்கள், திரும்புவது தள்ளிப்போனால் பாலிசி தானாக நீளுமா. பிரீமியம் குறைவு என்பதற்காக எடுக்கும் பாலிசிகளில் பெரும்பாலும் கைவிடப்படுவது மருத்துவ வெளியேற்றம்தான். ஆனால் நிஜமாகவே கையைக் கடிக்கும் செலவு அதுதான்.

மூன்றாவது, நகல். பாஸ்போர்ட்டின் விவரப் பக்கம், விசா, இன்சூரன்ஸ் பாலிசி, டிக்கெட், மருந்துச் சீட்டு. மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் இருக்கட்டும், மற்ற நாட்டு மருந்துக்கடையில் அதுதான் புரியும். போனில் ஒரு பிரதி, மின்னஞ்சலில் ஒன்று, ஊரில் இருக்கும் ஒருவரிடம் ஒன்று, தாளில் ஒன்று. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ குறைந்தது நான்கு உடன் வைத்திருங்கள். 35க்கு 45 மில்லிமீட்டரா, இரண்டு அங்குலச் சதுரமா என்பது உங்கள் நாட்டுத் தூதரகம் கேட்கும் அளவைப் பொறுத்தது. மின்சாரம் இல்லாத ஊரில் போட்டோ ஸ்டூடியோ திறந்திருக்காது.

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட்-மணிக்குள் இருந்தால் விமானத்தில் பொதுவாகப் பிரச்சினை இல்லை. கடைகளில் கிடைக்கும் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-மணிதான். அந்த ஊரின் பணத்தைச் சில்லறை நோட்டாக வைத்திருங்கள். கரன்ட் போனால் ஏடிஎம்மும் இல்லை, கார்டு மிஷினும் இல்லை. மிச்சம் வாங்க முடியாத பெரிய நோட்டால் அந்த நேரத்தில் பயன் குறைவு.

2. போய்ச் சேர்ந்த முதல் மணி நேரம்

குடியேற்றக் கவுன்டரைத் தாண்டியதும் பாஸ்போர்ட்டில் விழுந்த நுழைவு முத்திரையைப் போட்டோ எடுங்கள். ஏன் என்பது 6ஆம் படியில் வரும்.

ஹோட்டலில் பெயரை பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து மாறாமல் பதிவு செய்யச் சொல்லுங்கள். அறைக்குப் போனதும் அவசர வழி வரை ஒருமுறை நடந்து பாருங்கள். உங்கள் கதவுக்கும் அவசர வழிக்கும் நடுவில் எத்தனை கதவுகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். புகையில் வழிகாட்டிப் பலகை தெரியாது, கையால் தடவித்தான் போக வேண்டியிருக்கும். செருப்போ ஷூவோ கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். நிலநடுக்கத்துக்குப் பிறகு உடைந்த கண்ணாடியில் கால் கிழிவது சாதாரணமாக நடக்கும் காயம்.

ஊரின் வரைபடத்தை இணையம் இல்லாமலும் பார்க்கும்படி போனில் இறக்கி வையுங்கள். அவசர எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112. உலகின் பல நாடுகளில் கைபேசியிலிருந்து 112 அடித்தால் உள்ளூர் அவசரச் சேவைக்குப் போய்விடும்.

பயணிகள் அடிக்கடி விழும் பொறி ஒன்று இங்கே இருக்கிறது. ரோமிங் பில்லுக்குப் பயந்து போனை விமானப் பயன்முறையில் போட்டு வைஃபையில் மட்டும் ஓட்டுவார்கள். பல நாடுகளில் அரசின் பேரிடர் எச்சரிக்கை, கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போன்களுக்கும் ஒரே நேரத்தில் போகும் முறையில் வருகிறது. அதற்கு உங்கள் எண் தேவையில்லை, நீங்கள் அந்த ஊர்க்காரராக இருக்கவும் தேவையில்லை. ஆனால் போன் கோபுரத்தோடு தொடர்பில் இருக்க வேண்டும். ரோமிங் டேட்டாவை மட்டும் அணைத்துவிட்டு சிக்னலை விட்டு வையுங்கள். எச்சரிக்கை உள்ளூர் மொழியில் மட்டும் வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிக் கேளுங்கள். ஜப்பான் போகிறவர்கள் ‘சேஃப்டி டிப்ஸ்’ செயலியைப் போட்டுக்கொள்ளலாம், பல மொழிகளில் எச்சரிக்கை தரும்.

3. நடக்கும்போது

நிலநடுக்கம்: வெளியே ஓடாதீர்கள். குனிந்து, மேசைக்கு அடியில் புகுந்து, அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். நின்ற பிறகு படிக்கட்டு வழியாக வெளியேறுங்கள், லிஃப்ட் வேண்டாம். பின்னதிர்வு வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பொருளை எடுக்க மறுபடி உள்ளே போகாதீர்கள், பாஸ்போர்ட்டாக இருந்தாலும் சரி. அதற்கு மாற்று உண்டு.

சுனாமி: கடற்கரையில் இருக்கிறீர்கள், நிற்க முடியாத அளவுக்கு அதிர்ந்தது, அல்லது 20 விநாடிக்கு மேல் நீடித்தது. சைரனுக்குக் காத்திருக்க வேண்டாம். நடந்தே மேட்டுக்குப் போங்கள். கடல் மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரம் அல்லது கரையிலிருந்து 3 கிலோமீட்டர் உள்ளே, இதை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். கடல் திடீரென்று உள்வாங்கினாலும் இதேதான். 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று தாய்லாந்தில் புக்கெட் தீவின் மாய் காவோ கடற்கரையில், பள்ளியில் படித்ததை வைத்து ஆபத்தைக் கண்டுபிடித்துப் பெற்றோரிடம் சொன்னவர் 10 வயது பிரிட்டிஷ் சிறுமி டில்லி ஸ்மித். அவரும் அங்கே ஒரு சுற்றுலாப் பயணிதான். முதல் அலை வடிந்ததும் கீழே இறங்கிவிடாதீர்கள். அடுத்து வருவது அதைவிடப் பெரிதாக இருக்கலாம், பல மணி நேரம் வரை வரலாம்.

வெள்ளம்: ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஆளைச் சாய்க்கும். 30 சென்டிமீட்டரில் சிறிய காரை இழுத்துப் போகும். வாடகை வண்டியை எப்படியும் திருப்பிக் கொடுத்தாக வேண்டுமே என்ற அவசரத்தில் தண்ணீருக்குள் ஓட்டாதீர்கள். புயலில் காற்று சட்டென்று அடங்கினால், நீங்கள் அதன் கண்ணுக்குள், அதாவது காற்று அடங்கிய நடுப்பகுதிக்குள், இருக்கலாம். எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடிக்கும், வெளியே வராதீர்கள்.

ஹோட்டலில் தீ: கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் திறக்காமல் ஈரத் துண்டால் இடுக்கை அடைத்துவிட்டு, எந்த அறையில் இருக்கிறீர்கள் என்று அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள்.

எந்த வழி மூடியது, எங்கே மேடு என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். அவர்கள் ஒரு பக்கம் ஓடினால் ஏன் என்று கேட்டு நிற்காமல் நீங்களும் ஓடுங்கள்.

4. ஊருக்கு ஒரே ஒரு செய்தி

போன் அழைப்பு போகாதபோதும் எஸ்எம்எஸ் பெரும்பாலும் போய்விடும். அதனால் அழைத்துப் பார்த்து பேட்டரியை வீணாக்காதீர்கள். ஒரே செய்தியில் நான்கு விஷயம்: யார் யார் பத்திரமாக இருக்கிறீர்கள், எங்கே, அடுத்து எங்கே போகப் போகிறீர்கள், மறுபடி எப்போது தொடர்புகொள்வீர்கள். ஊரில் ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள், மற்றவர்களுக்கு அவர் சொல்லட்டும். ஆளாளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தால் சாயங்காலத்துக்குள் போன் அணைந்துவிடும்.

ஜப்பானில் பெரும் பேரிடரின்போது 171 என்ற எண்ணில் குரல்செய்தியைப் பதிவு செய்து வைக்கலாம், உங்கள் தொலைபேசி எண்ணைப் போட்டு மற்றவர்கள் அதைக் கேட்கலாம். தொடர்பே அறுந்துபோன குடும்பங்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கமும் செம்பிறைச் சங்கமும் பல நாடுகளில் ஆளைத் தேடித் தருகின்றன. இதற்குக் கட்டணம் கிடையாது.

5. பட்டியலில் ஏறுங்கள்

தூதரகத்துக்கு ஒரு மின்னஞ்சல். பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, உடன் இருப்பவர்கள், இருக்கும் இடம், காயமோ நோயோ உண்டா, பாஸ்போர்ட் கையில் இருக்கிறதா. பெரிய சம்பவம் என்றால் பல தூதரகங்கள் தனிப் படிவம் திறக்கும். கிளம்புமுன் பதிந்திருந்தாலும் இதை மறுபடி நிரப்புங்கள். முன்பு பதிந்தது நீங்கள் அந்த நாட்டில் இருப்பதைத்தான் சொல்லும், இப்போது எந்தத் தெருவில் இருக்கிறீர்கள் என்று சொல்லாது.

அடுத்தது நிவாரண முகாம். அங்கே தங்காமல் தண்ணீர் வாங்க மட்டும் போனாலும் பதிவேட்டில் பெயர் எழுதுங்கள். எழுதுபவரிடம் பாஸ்போர்ட் நகலைக் காட்டி, எழுத்தைப் பார்த்து எழுத வையுங்கள். எங்கள் முகாமில் வாயால் சொன்னதைக் கேட்டு எழுதியதில் என் பெயரின் முதல் எழுத்தே மாறியிருந்தது. ஊரிலிருந்து உதவி எண்ணுக்கு அழைத்த என் தம்பிக்கு ‘அப்படி யாரும் இல்லை’ என்று பதில் வந்திருக்கிறது. நாங்களோ அதே கட்டடத்தின் தரையில் உட்கார்ந்திருந்தோம்.

தூதரகத்திடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெரிந்திருக்கட்டும். பயண ஆவணம் தருவார்கள், குடும்பத்துக்குச் சொல்வார்கள், மருத்துவமனை விவரம் தருவார்கள். ஹோட்டல் பில்லைப் பொதுவாகக் கட்டமாட்டார்கள். வெளியேற்ற விமானம் ஏற்பாடானாலும் அது இலவசம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கா தன் குடிமக்களிடம்கூடத் திருப்பிக் கட்டுவதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பொதுவாக ஏற்றுகிறது.

மீட்புப் பணி நடக்கும் இடத்தைப் பார்க்கப் போகாதீர்கள், படம் எடுக்காதீர்கள். தண்ணீரும் படுக்கையும் அந்த ஊர் மக்களுக்கும் போதாமல்தான் இருக்கும். தேவைக்கு மேல் வாங்கிச் சேர்க்காதீர்கள். கைவேலை தெரிந்தால் முகாம் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், அவர் கூப்பிட்டால் மட்டும் போங்கள்.

6. பாஸ்போர்ட் கையில் இல்லையென்றால்

எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். எங்கள் பாஸ்போர்ட்டுகள் அறையின் பெட்டகத்தில் இருந்தன. கட்டடத்தில் விரிசல் விழுந்து யாரும் நுழையக் கூடாது என்று பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். தூதரகத்தில் போலீஸ் புகார் நகல் கேட்டார்கள். போலீஸ் நிலையத்தில், ‘தொலையவில்லையே, உள்ளேதானே இருக்கிறது’ என்று புகாரை எடுக்க மறுத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் அவர்கள் சொன்னதில் தப்பில்லை. நடுவில் நின்றது நாங்கள்.

கடைசியில் வழி திறந்தது ஒரு தாளால். ஹோட்டல் மேலாளர் தங்கள் பெயர் அச்சிட்ட தாளில், ‘இந்த அறையில் இவர்கள் தங்கியிருந்தார்கள், கட்டடம் இந்தத் தேதியில் மூடப்பட்டது, உள்ளே போக அனுமதி இல்லை’ என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். அதோடு கதவில் ஒட்டியிருந்த அரசு அறிவிப்பின் போட்டோவையும் வைத்ததும், போலீஸ் ‘எடுக்க முடியாத நிலை’ என்று எழுதித் தந்தது. தூதரகமும் ஏற்றுக்கொண்டது. உங்களுக்கும் இதே நிலை வந்தால் மேலாளர் ஊரைவிட்டுக் கிளம்புமுன் அந்தத் தாளை வாங்கிவிடுங்கள்.

அவசரப் பயண ஆவணத்துக்குப் பெரும்பாலும் கேட்பவை: விண்ணப்பம், போட்டோ, பாஸ்போர்ட் நகல் அல்லது எண், போலீஸ் அறிக்கை, திரும்பும் டிக்கெட், கட்டணம். கட்டணத்தைச் சில தூதரகங்கள் ரொக்கமாக மட்டுமே வாங்கும், போகுமுன் கேளுங்கள். நகல் இருந்தால் ஓரிரு வேலை நாளில் முடியலாம். நகல் இல்லாமல் உங்கள் அடையாளத்தைச் சொந்த நாட்டிலிருந்து உறுதிசெய்ய வேண்டியிருந்தால் நாள் கூடும். குழந்தைகளுக்குத் தனித்தனி விண்ணப்பம், பெற்றோர் இருவரின் கையெழுத்தும் கேட்கப்படலாம். ஒருவர் ஊரில் இருந்தால் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தை ஸ்கேன் செய்து அன்றே அனுப்பச் சொல்லுங்கள்.

இதில் மூன்று பொறிகள் உண்டு. அவசர ஆவணம் பெரும்பாலும் சொந்த நாட்டுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டும்தான். வழியில் இறங்கி ஏறும் நாடு அதை ஏற்காமல் போகலாம், அதனால் காசு கூடினாலும் நேரடி விமானம் நல்லது. இரண்டாவது, பாஸ்போர்ட்டோடு நுழைவு முத்திரையும் போய்விட்டதால் பல நாடுகளில் குடியேற்ற அலுவலகம் தனியாக வெளியேறும் அனுமதி தந்தால்தான் விமானம் ஏற முடியும். நீங்கள் முறையாகத்தான் உள்ளே வந்தீர்கள் என்று காட்ட முத்திரையின் போட்டோ இங்கேதான் உதவும். மூன்றாவது, தொலைந்ததாகச் சொன்ன பாஸ்போர்ட் பிறகு கிடைத்தாலும் அதைக் காட்டிப் பயணம் செய்யாதீர்கள். அதன் எண் சர்வதேச போலீஸ் அமைப்பான இன்டர்போலின் தொலைந்த ஆவணங்கள் பட்டியலுக்குப் போயிருக்கும், விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். எங்களைப் போல் ‘உள்ளே மாட்டிக்கொண்டது’ என்றால், அதை ரத்து செய்கிறார்களா இல்லையா என்று தூதரகத்திடமே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

7. விசா முடியப் போகிறதா

விசா முடியும் தேதிக்கு முன்பே குடியேற்றத் துறைக்கு விண்ணப்பம் அல்லது மின்னஞ்சல் போய்விட வேண்டும். விமானம் ரத்தான ஆதாரத்தை இணைத்து விடுங்கள். அலுவலகம் மூடியிருந்தால் மூடிய கதவையும் அதில் உள்ள அறிவிப்பையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்), தவிர்க்க முடியாத காரணத்தால் வெளியேற முடியாதவருக்கு விசாவைக் கட்டணமின்றி நீட்டிக்க விசா விதித்தொகுப்பின் 33ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்.

8. விமான டிக்கெட்

டிக்கெட்டை நீங்களாக ரத்து செய்யாதீர்கள். விமான நிறுவனம் ரத்து செய்தால் முழுப் பணமோ மாற்று விமானமோ கேட்கலாம். நீங்கள் ஒரு மணி நேரம் முந்தி ரத்து செய்துவிட்டால் அது உங்கள் விருப்பத்தில் செய்தது ஆகிவிடும், பிடித்தம் போகத்தான் வரும். வவுச்சர் என்று வரும் பொத்தானையும் அவசரப்பட்டு அழுத்த வேண்டாம், அப்புறம் பணமாகக் கேட்பது கஷ்டம்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் விமானங்களுக்கு 261/2004 என்ற பயணிகள் உரிமை ஒழுங்குமுறை பொருந்தும். இயற்கைச் சீற்றம் என்றால் இழப்பீடு கிடையாது. ஆனால் காத்திருக்கும் நாட்களுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் தர வேண்டும். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி நாள்கணக்கில் மூடிக்கிடந்தபோது எழுந்த வழக்கில், அப்படிப்பட்ட சம்பவத்திலும் அந்தப் பொறுப்பு உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013இல் தீர்ப்பு சொல்லிவிட்டது. நிறுவனம் ஏற்பாடு செய்யாவிட்டால் நியாயமான செலவில் நீங்களே தங்கி, ரசீதோடு கேளுங்கள்.

9. இன்சூரன்ஸ் பணம்

பெரிய செலவு எதையும் செய்யுமுன் பாலிசியில் உள்ள 24 மணி நேர உதவி எண்ணுக்கு அழைத்து, உங்கள் கோரிக்கைக்கான எண்ணை (கேஸ் நம்பர்) வாங்குங்கள். மருத்துவமனை, மாற்று டிக்கெட், வெளியேற்றம் மூன்றுக்கும் இது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முன் அனுமதி இல்லாமல் வெளியேற்றத்துக்கு நீங்களே ஏற்பாடு செய்தால் பணம் வராமல் போக வாய்ப்பு அதிகம். போன் கிடைக்காவிட்டால் மின்னஞ்சல் அனுப்பிவிட்டுச் செலவு செய்யுங்கள், அந்த மின்னஞ்சலின் நேரமே ஆதாரம்.

விமான நிறுவனத்திடம் ரத்துக்கான காரணம் எழுதிய கடிதம் வாங்குங்கள். ‘ரத்து’ என்று மட்டும் வரும் குறுஞ்செய்தி போதாது. காரணம் இல்லாத கடிதத்தை எனக்குத் திருப்பி அனுப்பினார்கள், ஊர் வந்த பிறகு மறுபடி வாங்க வாரக்கணக்கில் இழுத்தது. வெப்பத்தாளில் அச்சான ரசீது வெயிலில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே படம் எடுங்கள். பில் தராத இடத்தில் ஒரு துண்டுத் தாளில் தேதி, தொகை, எதற்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். க்ளெய்முக்கான கடைசி நாள் பாலிசியில் இருக்கும், அது எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று பாருங்கள். சில பாலிசிகளில் சம்பவம் நடந்த நாள், சிலவற்றில் ஊர் திரும்பிய நாள்.

10. கிளம்பும்போது பெயரை எடுத்துவிடுங்கள்

பலரும் விட்டுவிடும் படி இது. விமானம் ஏறியதும் எல்லாம் முடிந்தது என்று தோன்றும். ஆனால் முகாம் பதிவேட்டிலும் தூதரகப் படிவத்திலும் நீங்கள் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறீர்கள். நீங்கள் கிளம்பியது தெரியாமல் உங்களைத் தேடி ஒரு ஆள் நேரம் செலவழிக்கலாம், அந்த நேரம் வேறு ஒருவருக்குத் தேவைப்படும்.

முகாமில் வெளியேறும் நேரத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள். ஹோட்டலுக்குச் சொல்லுங்கள். உங்களைக் காணவில்லை என்று ஊரில் யாராவது போலீஸிலோ செஞ்சிலுவையிலோ சொல்லியிருந்தால், அதை அவரே திரும்பப் பெற வேண்டும். சமூக வலைதளத்தில் போட்ட படத்தையும் அவரே எடுக்க வேண்டும், பகிர்ந்தவர்களிடமும் சொல்ல வேண்டும். தூதரகத்துக்கு விமான எண்ணும் தேதியும் போட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வரவில்லையென்றால் ஊர் வந்து இறங்கியதும் இன்னொரு முறை அனுப்புங்கள்.